ரத்தம் படுகிறவர்கள் முதலில்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அந்தமானில், மாயாபந்தரில் பெண்களுக்கான பரிசோதனை முகாம் தொடங்கினோம்.
2. முகாமுக்குப் பெண்களைத் திரட்டிக் கொண்டு வந்தவர் முத்துராக்கு அக்கா.
3. அவர் மட்டும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை.
4. இரண்டாவது முகாமிலும் செய்துகொள்ளவில்லை.
5. மூன்றாவது முகாமில் மற்ற பெண்கள் அவரைக் கேலி செய்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பினால் அவருடைய நோய் வெளியே வந்தது.
6. கருப்பை வாயில் புற்று. அவர் மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினார்.
7. பிறகு என் வலது கண் கெட்டது. நானும் மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினேன்.

எதையும் எண் போட்டு எழுதுவது என் தொழில் தந்த பழக்கம். ஸ்லைடுக்கு எண், ஜாடிக்கு எண், சாயங்களுக்கு வரிசை. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி லேபில் இப்போது என் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இந்த ஏழு வரி போதாது. முகாம்களை இன்னும் சில தீவுகளுக்குக் கொண்டு போகிறார்களாம். நோட்டீஸை மறுபடி அச்சடிக்க எடுத்தபோது அதன் முதல் வரி அவளுக்கு விளங்கவில்லை. "பாடப் புத்தகத்தில் இருப்பதற்கு நேர் எதிராக இருக்கிறதே, அச்சுப் பிழையா?" என்று கேட்டு எழுதியிருக்கிறாள். பிழை இல்லை. அது எப்படி வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது முப்பத்தொன்று. மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெற்றவள். இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத இன்னும் கை வருவதில்லை.

நான் போர்ட் பிளேரின் ஹேடோவில் வளர்ந்தவள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, எங்களுக்கு அங்கேயே குவார்ட்டர்ஸ். பள்ளி முடிந்ததும் மெட்ராஸில் லேப் டெக்னீஷியன் பயிற்சி. அதில் கடைசிப் பகுதி செல் பரிசோதனை. அந்தப் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆயிரக்கணக்கான ஸ்லைடுகளைப் பார்த்தேன், ஊர் ஏங்கி அழுதேன், முடிந்ததும் கிடைத்த முதல் கப்பலில் திரும்பினேன்.

திரும்பி வந்து சேர்ந்த இடம் டாக்டர் தீதியின் கீழே. வங்காளத்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண். தீவில் எல்லோருக்கும் அவர் தீதிதான், வங்காளியில் அக்கா. எங்களோடு ஹிந்தியில் பேசுவார். கோபம் வந்தால் குரல் உயராது, பேச்சு மெதுவாகும். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து மேசை மேல் வைப்பதுபோல் பேச ஆரம்பித்தால் நாங்கள் நிமிர்ந்து நிற்போம்.

அவர் பரிசோதனை செய்யும் முறையை நான் வேறு யாரிடமும் பார்க்கவில்லை. முகாமுக்குக் கட்டில் கிடையாது. பள்ளிக்கூடத்தின் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேலே ஜமுக்காளம். கப்பல் கான்வாஸில் தைத்த திரை சுற்றிலும் நிற்கும். பெண்ணின் கால் பக்கமாக அவரைத் தவிர வேறு யாரும் போகக் கூடாது, நான் உட்பட. உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலத்தை வெந்நீரில் போட்டு எடுத்து, முதலில் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சூடும் இல்லை, குளிரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பெண்ணின் தொடையில் வைப்பார். அப்போதும் உள்ளே செலுத்த மாட்டார். "டீக் ஹை?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அவள் "சரி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிலர் சொல்ல நேரமாகும். அவ்வளவு நேரமும் கையை அசைக்காமல் நிற்பார். அவள் எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டு திரையை விட்டு வெளியே போகும்வரை அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வெளிச்சம் என் பொறுப்பு. டார்ச் செல் அங்கே சீக்கிரம் உயிரை விட்டுவிடும். அதனால் ஜன்னல் ஓரத்தில் நின்று, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பித் தீதியின் தோளுக்கு மேலாக அனுப்புவேன். மேகம் வந்தால் எல்லோரும் காத்திருப்போம். மரக்குச்சியால் கருப்பை வாயைச் சுற்றி ஒரு முறை வருடி எடுப்பார். அந்தக் குச்சிகளை முதலில் ஒரு தச்சர் படாக் மரத்தில் செதுக்கித் தந்தார். ஸ்பிரிட்டில் நனைத்ததும் சிவப்பாக நிறம் இறங்கியது. பார்த்த பெண்கள் மிரண்டு போனார்கள். பிறகு வெள்ளை மரத்துக்கு மாறினோம். குச்சியில் வந்ததை நான் ஸ்லைடில் ஒரே இழுப்பாகத் தடவி, ஈரம் காயும் முன் ஸ்பிரிட் ஜாடியில் இறக்க வேண்டும். கடல் காற்றில் நொடியில் காய்ந்துவிடும். காய்ந்த செல் ஊதிப்போகும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

போர்ட் பிளேர் திரும்பிச் சாயம் ஏற்றிப் பார்க்கும்போது, ஆரோக்கியமான செல்கள் ரோஜா நிறத்திலும் வெளிர் நீலத்திலும் அகலமாக விரிந்து கிடக்கும். நடுவில் சிறிய கரு. எத்தனை ஆயிரம் பார்த்தாலும் எனக்கு அலுத்ததே இல்லை. கெட்டுப்போன செல் அப்படி இராது. கரு பெருத்துக் கறுத்து, ஓரம் கோணி, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கும்.

ஒரு விதி மட்டும் எல்லாப் பாடப் புத்தகத்திலும் உண்டு. மாதவிடாய் நாட்களில் ஸ்மியர், அதாவது குச்சியால் வருடி எடுக்கும் இந்தத் தடவல், எடுக்கக் கூடாது. ரத்தம் செல்களை மூடிவிடும். அதனால் எங்கள் நோட்டீஸின் முதல் வரி: "மாதவிடாய் நாட்களில் இருப்பவர்கள் வர வேண்டாம். நின்ற பிறகு வரவும்."

இதை மாயாபந்தரில் வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் முத்துராக்கு அக்கா. ராமநாதபுரத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். கணவர் சேது அண்ணன் பொதுப்பணித் துறையில் மஸ்தூர், கூலி வேலைக்காரர். பிள்ளைகள் இல்லை. அக்கா வாயைத் திறந்தால் ஜெட்டி வரை கேட்கும். படகு வருவதற்கு முன்பே பள்ளிக்கூட வாசலில் பெண்களை வரிசையில் நிறுத்தி வைத்திருப்பார்.

"ஜல்தி ஜல்தி வாங்கடி. ராசனுக்கு மட்டும் விடியமுன்னே வந்து நிப்பீக."

"அக்கா, ஊசி போடுவாகளா?"

"ஊசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெஞ்சுல படுத்துக் கூரையப் பாத்தா முடிஞ்சுபோச்சு. ஆனா ரத்தம் படுறவ யாரும் உள்ள போவக் கூடாது, ஆமா. டாக்டரம்மா சொல்லிருக்கு."

வரிசை முடிந்ததும் நான் கேட்டேன். "நீங்க வரலையா அக்கா?"

"எனக்கு இன்னிக்கு நாள் சரியில்ல தாயி. அடுத்த தடவை."

சமைத்த சோற்றைக்கூட அவர் கையால் தொடவில்லை. எட்டி நின்று, பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு எங்களுக்குப் பரிமாறச் சொன்னார். அந்தக் குடும்பங்களில் தீட்டு பார்ப்பது வழக்கம்தான். எனக்கு அதில் ஆச்சரியம் ஏதும் ஏற்படவில்லை.

மழைக் காலம் கழிந்து இரண்டாவது முகாம். அப்போதும் "நாள் சரியில்ல தாயி." மூன்றாவது முகாமில் அவர் இளைத்திருந்தார். குரல் மட்டும் இளைக்கவில்லை. வரிசையை நடத்திவிட்டு வழக்கம்போல் படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

"அக்கா, இந்தத் தடவையுமா?" என்றேன்.

வரிசையில் இருந்த ஒருத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அத ஏன் கேக்குற! முத்துராக்கு அக்காவுக்கு நின்னுபோயி நாலு வருசம் ஆச்சு. இப்பத் திரும்பவும் வயசுக்கு வந்துருக்கு."

"சேது அண்ணன் குச்சு கட்டிக் குடுத்துருக்காரு, தெரியுமா?"

"புட்டு சுத்தலையா அக்கா?"

"போங்கடி, பொறாமை புடிச்சவளுகளா," என்றார் அக்கா. அவரும் சிரித்தார். "மெயின்லேண்டுல இருந்து ஜாக்கெட்டுத் துணி வரச் சொல்லிருக்கேன். வந்ததும் பாருங்க."

திரைக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்த தீதி எட்டிப் பார்த்தார். "க்யா போல்தா ஹை? கியூ ஹஸ்தா ஹை சப்?" என்ன பேச்சு, ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று கேட்டார்.

நான் சிரித்துக்கொண்டேதான் ஹிந்தியில் சொன்னேன். நின்று நாலு வருடம் ஆனவருக்கு மறுபடி வருகிறது, இளமை திரும்பியிருக்கிறது என்கிறார்கள். சொல்லி முடிப்பதற்குள் என் வாய் தானாக மூடிக்கொண்டது. அந்த வாக்கியத்தைத் தமிழில் கேட்டபோது எனக்கு உறைக்காதது, என் வாயால் இன்னொரு மொழியில் சொன்னபோது உறைத்தது. தீதி கையைத் துடைக்கவில்லை. ஈரக் கையோடு படியிறங்கிப் போய் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கப் சே?" எப்போதிலிருந்து என்று கேட்டார். மிக மெதுவாகக் கேட்டார்.

அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. வரும், போகும், சில நாள் நீர் மாதிரி, சில நாள் கட்டியாக. நின்றதும் தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் போவார். அடுப்பு மூட்டுவதற்குள் மறுபடி பட்டுவிடும். திரும்பவும் விறகுக் கொட்டகைக்கு. "நின்ன பெறகு வாங்கன்னீகளே தாயி. நிக்கட்டும்னுதான் இருந்தேன்."

தீதி அந்தக் கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்றார்.

வீட்டுக்குப் பின்னால் விறகு வைக்கும் இடம். சேது அண்ணன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குற்றம் செய்தவர் மாதிரி இல்லாமல், வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் மாதிரி காட்டினார். முதலில் வெறும் தரைதான். ஈரம் என்று பலகைக் கட்டில் செய்து போட்டார். பிறகு ஒழுகியது என்று கூரைக்குத் தகரம். பிறகு காற்றுக்கு ஒரு ஜன்னல். பிறகு எண்ணெய், சீப்பு வைக்க ஒரு சின்ன அலமாரி. கடைசியாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

தீதி ஒவ்வொன்றையும் தொட்டு, இது எப்போது, இது எப்போது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டுச் சொன்னேன். நாளைச் சொல்ல முடியாத அக்காவுக்குப் பதிலாக அண்ணன் சொன்னார். "தகரம் போட்டது, கப்பல் வராம வெங்காயத்துக்குத் தவிச்சமே, அப்பம்மா. கட்டிலு அதுக்கும் முந்தி. தீவாளிக்கு முன்னால." கண்ணாடி சென்ற மாதம். மனைவிக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். தீதி அந்தக் கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

அக்காவைப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக்கு அழைத்து வந்தோம். அன்று மேகம் இல்லை. கண்ணாடியை நான் பிடித்தேன். ஸ்பெகுலம் திறந்ததும் தீதி பார்த்தது, கருப்பை வாய் இருக்க வேண்டிய இடத்தில் பூக்கோசு மாதிரிப் புடைத்த சதை. தொட்டதும் ரத்தம். தீதி ஒரு சிறு துண்டு கிள்ளி எடுத்து ஃபார்மலின் பாட்டிலில் போட்டார். காஸ் துணியை அழுத்தி வைத்து ரத்தம் அடங்கும்வரை பிடித்தார். பிறகு விரலால் உள்ளே இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். அதைத்தான் அதிக நேரம் செய்தார். இந்த நோயில் உயிரை முடிவு செய்யும் விஷயம் அதுதான். கட்டி இடுப்பெலும்புச் சுவரோடு ஒட்டிவிட்டதா, இல்லை இன்னும் இடைவெளி இருக்கிறதா? அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினார். "தோடா ஜகா ஹை," என்றார். கொஞ்சம் இடம் இருக்கிறது. இடது பக்கம் மட்டும் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை.

கரண்டு என்று சொல்லும் கதிர்வீச்சு வைக்கும் இயந்திரமும் ரேடியமும் மெட்ராஸில்தான். அடுத்த கப்பலிலேயே போயாக வேண்டும். அக்கா மாட்டேன் என்றார்.

"அத்தனை பேரோட ஒரே ஹாலுல, தீட்டோட, கடலத் தாண்டுறதா? சாமி இல்லையா தாயி? நின்னதும் போறேன்."

தீதி என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். கால்ல புண் வந்து ரத்தம் வந்தா அடுப்படிக்குப் போகமாட்டியா? தீட்டு நாள் கணக்கோடு வரும், தானாகப் போகும். இது போகாது. இது புண்.

அக்கா என் முகத்தையும் தீதியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புண்ணா?"

"புண்தான் அக்கா. கெட்ட புண்."

"அட பாவிகளா. புண்ணுன்னு சொல்லிருந்தா அன்னைக்கே வந்து படுத்திருப்பேனே. புண்ணுக்கா நான் இம்புட்டு நாளு விறகோட படுத்துக் கெடந்தேன்?"

அதற்கு நான் மொழிபெயர்ப்பு சொல்லவில்லை. தீதி கேட்கவும் இல்லை.

போர்ட் பிளேரில் ரத்தம் ஏற்றி, கொஞ்சம் தேற்றி, ஹேடோவில் கப்பல் ஏற்றினோம். சேது அண்ணன் கூடப் போனார். கூட்டத்தில் அக்கா யாரையோ அதட்டிக்கொண்டு ஏணியில் ஏறியது தெரிந்தது. கப்பல் திரும்பி வெளியேறும்வரை நின்றேன்.

முகாம்களின் நடைமுறையைத் தீதி அந்த வாரமே மாற்றினார். பழைய நோட்டீஸின் முதல் வரியை அடித்துவிட்டு எழுதச் சொன்னார்: "ரத்தம் படுகிறவர்கள் முதலில் வரவும். நின்று போய் மறுபடி படுகிறவர்கள், உறவுக்குப் பின் படுகிறவர்கள், நாள் தவறிப் படுகிறவர்கள், எந்த நாளானாலும் வரவும்." மாதவிடாயில் வந்தால் ஸ்மியர் எடுக்காமல் கண்ணால் பார்த்து அனுப்புவோம், நின்ற பிறகு இன்னொரு நாள் வரச் சொல்வோம். "ஸ்லைடு கெட்டுப் போகட்டும்," என்றார். மாயாபந்தரில் அடுத்த முகாமுக்கு வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்யவில்லை. வரிசையை அதட்ட ஆளில்லாமல் பள்ளிக்கூட வாசல் அமைதியாக இருந்தது. எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது.

ஒவ்வொரு மெட்ராஸ் கப்பல் வரும்போதும் லேப் முடிந்து ஹேடோவுக்குப் போவேன். சேது அண்ணன் மட்டும் திரும்பி வந்தார். கரண்டு வைத்து, ரேடியம் வைத்து, கட்டி கரைந்திருக்கிறது. ஆனால் முதல் இரண்டு வருடம் அங்கேயே அடிக்கடி பார்க்க வேண்டும், கடலைத் தாண்டி அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். இடது பக்கத்தைப் பற்றி அவர்களுக்கும் சந்தேகம். அக்காவைப் பரமக்குடியில் அவர் தம்பி வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தார். "ரெண்டு வருசந்தானம்மா," என்றார் என்னிடம். என்னைத் தேற்றுவதுபோல் சொன்னார்.

அந்த இரண்டு வருடத்துக்குள்தான் என் கண். ஒரு நாள் ஸ்லைடின் மேல் மூலையில் கறுப்பாக ஒரு திரை. லென்ஸில் தூசி என்று துடைத்தேன். திரை கண்ணில் இருந்தது. விழித்திரை பிரிந்துவிட்டது. மெட்ராஸில் அறுவை சிகிச்சை. பாதிப் பார்வை மிஞ்சியது. இனி மைக்ராஸ்கோப் வேண்டாம், அடுத்த கண்ணையும் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். கப்பலின் ஆட்டமும் இப்போதைக்கு ஆகாது. ராயபுரத்தில் சித்தி வீட்டில் தங்கினேன்.

நான் முன்பே ஏற்பாடு செய்திருந்தபடி, அக்கா பரிசோதனைக்கு மெட்ராஸ் வரும்போதெல்லாம் அங்கேதான் தங்குவார். முதல் முறை என்னைப் பார்த்ததும், "நீயும் தீவ விட்டு வந்துட்டியா தாயி?" என்று கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்காமல் சித்தியின் அடுப்படிக்குள் போய்விட்டார். இரண்டு பேருக்கும் பேச ஒரே பேச்சுதான். மாயாபந்தரில் இப்போது மழை பிடித்திருக்கும். ஜெட்டியில் சூரை மீன் வந்திருக்கும். "இங்க மீனுக்கு ஒரு ருசி இருக்கா சொல்லு. ஐஸு ருசிதான் இருக்கு."

சென்ற மாதம் ஒரு காலையில், வர வேண்டிய தேதி இல்லாத நாளில், அக்கா பையோடு வாசலில் நின்றார். பரமக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு.

"முந்தாநாளு ஒரு சொட்டு பட்டுச்சு. தம்பி பொண்டாட்டி, ரெண்டு நாளு பாக்கலாம்னா. போடி உன் சோலியப் பாத்துக்கிட்டுன்னு பஸ் ஏறிட்டேன்."

குளிக்கக்கூட விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பார்த்தார்கள், ஸ்மியர் எடுத்தார்கள், ஒரு துண்டு கிள்ளியும் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அக்கா சித்தி வீட்டில் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான். "தாயி, இது திரும்பி வந்துருந்தா, கரண்டு வேண்டாம். என்னயக் கப்பல்ல ஏத்தி விட்டுரு. அவுக மொகத்தப் பாத்துக்கிட்டு அங்க கெடக்கேன்," என்று ஒரு முறை சொன்னார்.

முடிவு வாங்கப் போன அன்று லேபுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஸ்லைடுகள் தட்டில் மோதும் சத்தம் கேட்டது. கரண்டு பட்ட செல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊதிப் பெருத்து, உள்ளே நீர்க்குமிழ் வைத்து, கெட்ட செல் போலவே பயம் காட்டும். ஆனால் கரு வெளிறியிருக்கும். கறுத்து நெருங்கினால்தான் நோய். உள்ளே யாரோ ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியில் உட்கார என் உடம்பு முழுவதும் ஏங்கியது. எழுந்து போய்க் கதவைத் தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நோய் திரும்பவில்லை. கரண்டினால் மெலிந்துபோன தோலில் சிறு நரம்பு உடைந்து பட்ட ரத்தம். இடது பக்கமும் மெத்தென்று இருக்கிறதாம். இரண்டு வருடம் ஆகிவிட்டது, இனி போர்ட் பிளேரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதித் தந்துவிட்டார்கள்.

கப்பலில் பங்க், படுக்கை இடம், கிடைத்தது. துறைமுகத்துக்கு நான் போனேன். அக்கா ஏணிக்கு முன்னால் நின்று, "அடுத்த கப்பலுக்கு நீ வா தாயி," என்றார்.

"டாக்டர் இன்னும் சொல்லலையே அக்கா."

"சொல்லாட்டி போய்க் கேளு. கேக்காம உக்காந்திருக்காத," என்று அதட்டிவிட்டு ஏறினார்.

அக்கா மாயாபந்தர் போய்ச் சேர்ந்ததாகத் தீதியிடமிருந்து தந்தி வந்திருக்கிறது. இன்றைய தேதியில் அவருக்கு நோய் இல்லை. அடுத்த ஸ்மியரைத் தீதி எடுப்பார். அதைப் பார்க்கப் போகிறவள் இதை எழுதச் சொன்ன பெண். எனக்குக் கண் டாக்டரிடம் வரும் திங்கட்கிழமை முறை. கப்பலைப் பற்றிக் கேட்க வேண்டும்.